ஆலிஸ் சில்ட்ரெஸ்: நடிகை, நாடகாசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாடகம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இழுத்துக்கொண்டு வரும் பெயர் ஆலிஸ் சில்ட்ரெஸ். கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார்கள். பிறகு கேள்விகள் வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

யார் இந்த ஆலிஸ் சில்ட்ரெஸ்?

கறுப்பின அமெரிக்க நடிகை, நாடகாசிரியர், இயக்குநர், நாவலாசிரியர். 1916 அக்டோபர் 12 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். 1994 ஆகஸ்ட் 14 அன்று நியூயார்க்கில் புற்றுநோயால் இறந்தார். பழைய நூல்கள் சிலவற்றில் பிறந்த ஆண்டு 1920 என்று இருக்கும். இன்று ஏற்கப்படுவது 1916தான்.

இடைப்பட்ட காலத்தில் மேடையில் நடித்தார், நாடகம் எழுதினார், தன் நாடகங்களைத் தானே இயக்கினார். வயிற்றுப்பாட்டுக்காக வீட்டு வேலை செய்தார், இன்சூரன்ஸ் விற்றார், கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார், புகைப்படங்களுக்குத் திருத்த வேலை செய்தார். இந்த வேலைகளையும் நான் வரிசையில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. அவருடைய பாத்திரங்கள் எல்லாருமே இப்படிப் பிழைத்தவர்கள்தான்.

நாடகத்தில் முறையாகப் படித்தவரா?

இல்லை. உயர்நிலைப் பள்ளியையே முடிக்கவில்லை. பெற்றோர் பிரிந்த பிறகு, ஒன்பது வயது வாக்கில், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் திரளாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் இருந்த பாட்டி எலைசா கேம்பெல் வைட் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பாட்டியின் தாய் அடிமையாக வாழ்ந்தவர். பாட்டியின் கையில் காசு இல்லை, ஆனால் பேத்தியை வளர்க்கும் விதம் தெரிந்திருந்தது. ஜன்னலோரம் உட்காரவைத்து, தெருவில் போகிறவரைக் காட்டி, "அந்த ஆள் இப்போது என்ன நினைத்துக்கொண்டு போகிறார், சொல் பார்ப்போம்" என்று கேட்பாராம். சிறுமி ஒரு கதை சொல்ல வேண்டும்.

புதன்கிழமை இரவுகளில் தேவாலயத்துக்கு அழைத்துப் போவார். அங்கே ஒவ்வொருவராக எழுந்து தங்கள் கஷ்டத்தைச் சபைக்கு முன் சொல்வார்கள்: வாடகை பாக்கி, சிறைக்குப் போன மகன், தீராத நோய். எழுத்தைத் தான் கற்ற இடங்களில் ஒன்று அது என்று சில்ட்ரெஸ் பின்னாளில் சொன்னார். அவருடைய நாடகங்களில் ஒரு பாத்திரம் திடீரென்று எழுந்து நின்று தன் மனதைத் திறக்கும் இடங்களை வாசிக்கும்போது, எனக்கு அந்தப் புதன்கிழமைக் கூட்டம் கண்ணில் தெரிகிறது.

நடிப்பில் எப்படி நுழைந்தார்?

ஏப்ரம் ஹில், ஃபிரெடரிக் ஓநீல் இருவரும் 1940இல் ஹார்லெமில் 'அமெரிக்கன் நீக்ரோ தியேட்டர்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 135ஆம் தெருப் பொது நூலகத்தின் அடித்தளம்தான் மேடை. தொடக்க ஆண்டுகளிலேயே சேர்ந்த சில்ட்ரெஸ், பத்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே உழைத்தார். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நடிப்பவரே விளக்கு பிடிப்பார், உடை தைப்பார், அரங்கைப் பெருக்குவார். பின்னாளில் புகழ்பெற்ற சிட்னி பாய்டியர், ஹாரி பெலஃபான்டே, ரூபி டீ ஆகியோர் தொழில் பழகியதும் அதே அடித்தளத்தில்தான்.

குழுவின் பெரிய வெற்றி 'அன்னா லூகாஸ்டா'. 1944இல் ஹார்லெமில் தொடங்கி அதே ஆண்டு நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்குப் போன நாடகம், அங்கே 957 முறை நடந்தது. அதில் பிளான்ஷ் என்ற பாத்திரத்தில் சில்ட்ரெஸ் நடித்தார்.

அந்த வேஷத்துக்காக 1944இல் டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டாராமே?

பல இடங்களில் இப்படி எழுதியிருக்கிறார்கள். இது நடந்திருக்கவே முடியாது. பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது முதன்முதலில் வழங்கப்பட்டதே 1947இல்தான். அவரைப் பெரியவராக்க இந்தத் தவறான தகவல் தேவையில்லை. தயவுசெய்து யாரும் இதைப் பரப்ப வேண்டாம்.

நடிகையாக இருந்தவர் ஏன் எழுதத் தொடங்கினார்?

கிடைத்த வேஷங்கள்தான் காரணம். கறுப்பினப் பெண்ணுக்கு மேடையிலும் திரையிலும் வேலைக்காரி வேஷம், விலைமாதர் வேஷம், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் தாய் வேஷம். இவற்றுக்கு வெளியே ஒன்றும் இல்லை. தனக்குத் தெரிந்த பெண்கள் யாரும் அந்த வேஷங்களில் இல்லை என்பதை அவர் நடித்து நடித்து உணர்ந்தார்.

1949இல் 'ஃபுளோரன்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தை எழுதினார், இயக்கினார், நடித்தார். ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்லப்படுகிறது. தென் மாநிலத்து ரயில் நிலையக் காத்திருப்பு அறை. நடுவில் தாழ்வான ஒரு தடுப்பு, ஒரு பக்கம் வெள்ளையருக்கு, மறுபக்கம் கறுப்பினத்தவருக்கு. நியூயார்க்கில் நடிகையாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கும் மகள் ஃபுளோரன்ஸை வீட்டுக்கு அழைத்துவர ஒரு தாய் கிளம்பியிருக்கிறாள். தடுப்புக்கு அப்பால் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி மிஸஸ் கார்ட்டர் பேச்சுக் கொடுக்கிறாள். தனக்குக் கறுப்பினத்தவர் மேல் எவ்வளவு பிரியம் என்று நெகிழ்கிறாள். பேச்சு முற்றி, தடுப்பைத் தாண்டித் தாயின் பக்கமே வந்து நிற்கிறாள். தாயால் அந்தப் பக்கம் போக முடியாது; சட்டம் அப்படி.

தானும் நடிகைதான் என்று மிஸஸ் கார்ட்டர் சொன்னதும் தாய்க்கு ஒரு நம்பிக்கை துளிர்க்கிறது: என் மகளுக்கு உதவ முடியுமா? உடனே சம்மதம் வருகிறது. ஒரு பெண் இயக்குநரைத் தனக்குத் தெரியும், அவரிடம் சொல்லிவைக்கிறேன் என்கிறாள். வீட்டு வேலைக்கு நல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறாராம் அந்த இயக்குநர்.

தாய் ரயில் ஏறவில்லை. டிக்கெட்டுக்கு வைத்திருந்த பணத்தை மகளுக்கே அனுப்பிவிடுகிறாள், 'முயற்சியை விடாதே' என்ற ஒரு வரியோடு. மகள் மேடைக்கு வருவதே இல்லை. ஆனாலும் நாடகத்தின் பெயர் அவளுடையது. சில்ட்ரெஸ் தன் கதையை எங்கே ஒளித்துவைத்தார் என்பது எனக்கு இந்தத் தலைப்பில்தான் புரிந்தது.

அவருடைய முக்கியமான நாடகம் எது?

தயங்காமல் சொல்வேன்: 'டிரபிள் இன் மைண்ட்'. 1955 நவம்பரில் நியூயார்க்கின் கிரீனிச் மியூஸ் அரங்கில் தொடங்கி 91 முறை நடந்தது. ஒத்திகை அறையிலேயே நடக்கும் நாடகம் இது. பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்து, சொன்னதைச் செய்து, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன ஒருவரால்தான் இதை எழுதியிருக்க முடியும்.

விலெட்டா மேயர் நடுவயது நடிகை. முதல் நாள் ஒத்திகைக்கு வந்த இளம் நடிகன் ஜானுக்குத் தொழில் ரகசியம் சொல்லிக்கொடுக்கிறாள்: இயக்குநர் என்ன சொன்னாலும் சிரி, நாடகம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் பிரமாதம் என்று சொல், அனுபவம் உண்டா என்று கேட்டால் பெரிய நாடகம் ஒன்றின் பெயரைச் சொல்லிப் பொய் சொல். அவள் இதைக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொல்கிறாள். பார்வையாளர்கள் சிரிப்பார்கள். அதே பெண் அடுத்த இரண்டு மணி நேரத்தில் சிரிப்பதை நிறுத்துகிறாள். நாடகத்தின் கதை அதுதான்.

அவர்கள் ஒத்திகை பார்க்கும் நாடகம், கறுப்பினத்தவரைக் கும்பல் கூடிக் கொல்வதைக் கண்டிப்பது. எழுதியவர் வெள்ளையர், இயக்குநர் ஆல் மேனர்ஸும் வெள்ளையர். இருவருக்கும் நல்ல எண்ணம்தான். அதில் வாக்களிக்கப் போன மகனைக் கொல்லக் கும்பல் துரத்துகிறது. அவனுடைய தாய், சரணடையச் சொல்லி அவனை அனுப்பிவிடுகிறாள். அந்தத் தாயாக நடிக்க வேண்டியவள் விலெட்டா. எந்தத் தாய் இப்படிச் செய்வாள் என்று கேட்கிறாள். வசனத்தின் உண்மையை உனக்குள் தேடு என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த இயக்குநர், அவள் நிஜமாகவே தேடிக்கொண்டு வந்து நின்றதும் தடுமாறுகிறார்.

வயதான நடிகர் ஷெல்டன் வாழ்நாள் முழுக்கப் பணிந்தே போனவர். அந்த அறையில் கும்பல் கொலையை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சிறுவனாக இருந்தபோது பார்த்ததை அவர் சொல்லும் இடத்தில், ஒத்திகை பார்க்கும் நாடகம் முழுவதும் பொய் என்று தெரிந்துவிடுகிறது. யாரும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல நாடகம் பிராட்வேக்கு ஏன் போகவில்லை?

போக இருந்தது. 1957இல் மேடையேற்ற ஏற்பாடு நடந்தது, தலைப்பைக்கூட மாற்றினார்கள். ஆனால் முடிவுதான் சிக்கல். கிரீனிச் மியூஸிலேயே அரங்கத்தார் வற்புறுத்தியதால் எல்லாரும் ஒன்றுசேரும் மகிழ்ச்சியான முடிவை அவர் எழுதிக்கொடுத்திருந்தார். அப்படி இணங்கியதற்காகப் பிற்பாடு வருந்தினார். பிராட்வே தயாரிப்பாளர்கள் இன்னும் மென்மையாக்கச் சொன்னார்கள். திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். நாடகம் தன் கையை விட்டுப் போவதை உணர்ந்ததும் நின்றுவிட்டார். ஒப்பந்தம் கைகூடவில்லை.

சொந்த வசனத்துக்காக வேலையை இழக்கத் துணியும் நடிகையைப் பற்றி எழுதியவருக்கு, அந்த எழுத்தினாலேயே அதே நிலை வந்தது. இணங்கியிருந்தால் பிராட்வேயில் நாடகம் மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும். 1959 மார்ச்சில் அது நாடகாசிரியர் லொரெய்ன் ஹான்ஸ்பெரிக்கு, 'எ ரெய்சின் இன் தி சன்' நாடகத்தின் மூலம் கிடைத்தது.

அச்சில் இன்று நாம் வாசிப்பது மகிழ்ச்சி முடிவு அல்ல. விலெட்டா நிச்சயம் வேலையை இழப்பாள். காலியான அரங்கில், கேட்பதற்கு வாயிற்காப்பாளர் ஹென்றி மட்டும் இருக்க, அவள் வேதாகமத்தின் சங்கீதம் 133ஐச் சொல்கிறாள்: "இதோ, சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது எத்தனை நன்மையும் எத்தனை இன்பமுமானது?" அந்தக் கேள்விக்குறி தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. இந்த நாடகத்தின் கடைசியில் அது அப்படியே பொருந்திப்போகிறது.

கடைசியில் பிராட்வே பார்த்ததா?

பார்த்தது, 2021 நவம்பரில். ரவுண்டபவுட் நாடக நிறுவனம் மேடையேற்றியது, சார்ல்ஸ் ரண்டால்ஃப் ரைட் இயக்கினார், லஷான்ஸ் விலெட்டாவாக நடித்தார். முதல் மேடையேற்றத்துக்கு 66 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆசிரியர் இறந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு. அதே பருவத்தில் லண்டன் நேஷனல் தியேட்டரும் இதை நடத்தியது.

ஹான்ஸ்பெரியோடு போட்டியா, பகையா?

இரண்டும் இல்லை. கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன் தொடங்கிய 'ஃப்ரீடம்' பத்திரிகையில் இருவரும் எழுதினார்கள். அந்தப் பத்திரிகையின் விழா ஒன்றுக்கு 1952இல் இருவரும் சேர்ந்தே ஒரு மேடை நிகழ்ச்சி எழுதினார்கள். அதே 1952இல் சில்ட்ரெஸின் 'கோல்ட் த்ரூ தி ட்ரீஸ்' ஹார்லெமில் தொழில்முறை நடிகர்களோடு மேடையேறியது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண் எழுதி அப்படி மேடையேறிய முதல் நாடகங்களில் அதுவும் ஒன்று. ஹான்ஸ்பெரி நடந்த பாதையில் கல் பொறுக்கியவர்களில் சில்ட்ரெஸ் ஒருவர் என்பேன்.

வீட்டு வேலைக்காரப் பெண் பேசுவது போல ஏதோ எழுதினாராமே?

'லைக் ஒன் ஆஃப் தி ஃபேமிலி', 1956இல் நூலாக வந்தது. அதில் உள்ள பகுதிகள் முதலில் 'ஃப்ரீடம்' பத்திரிகையில் வெளிவந்தவை. வீட்டு வேலை செய்யும் மில்ட்ரெட், தன் தோழி மார்ஜிடம் அன்றன்று நடந்ததைச் சொல்கிறாள். மார்ஜ் பதில் பேசுவது நமக்குக் கேட்காது. மில்ட்ரெட் மட்டுமே பேசுவாள்.

முதலாளியம்மா விருந்தாளியிடம், "இவள் எங்கள் வீட்டில் ஒருத்தி மாதிரி" என்கிறாள். இந்த வாக்கியத்தைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விருந்தாளி போனதும் மில்ட்ரெட் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள்: வீட்டார் சாப்பாட்டு அறையில் சாப்பிடுகிறார்கள், நான் சமையலறையில், உங்கள் மகள் மதியம் சோஃபாவில் தூங்குகிறாள், நாய்க்குட்டிகூட உங்கள் பட்டுப் போர்வையில் படுக்கிறது. குளியலறை கழுவி, சமைத்து, பாத்திரம் துலக்கி, துணி தேய்த்த பிறகு எனக்கு நான் வேலைக்காரி என்றுதான் தோன்றுகிறது, அதனால் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள்.

இன்னொரு வீட்டம்மாள், மில்ட்ரெட் அருகில் வந்தாலே கைப்பையை இறுகப் பிடித்துக்கொள்பவள். ஒரு நாள் வேலையாக வெளியே போன மில்ட்ரெட், மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து தன் கைப்பையை எடுத்துக்கொள்கிறாள். உன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லையே என்று வீட்டம்மாள் பதறும்போது மில்ட்ரெட் சொல்கிறாள்: பரவாயில்லை அம்மா, நீங்கள் தரும் சம்பளத்தை நான் யாருக்காவது கொடுத்தால் நானும் பையைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன்.

தொழிலாளர் உரிமை, கறுப்பினத்தவர் உரிமை என்று வெளிப்படையாகப் பேசியவர் என்பதால், அந்தக் காலத்தில் அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அவரைக் கண்காணித்துக் கோப்பு வைத்திருந்தது.

'வெட்டிங் பேண்ட்' (மண மோதிரம்) நாடகம் ஏன் சர்ச்சைக்குள்ளானது?

1918, சார்ல்ஸ்டன். தையல் வேலை செய்யும் ஜூலியா கறுப்பினப் பெண். ரொட்டிக்கடைக்காரர் ஹெர்மன் வெள்ளையர். பத்து ஆண்டுகளாக மனதால் கணவன் மனைவி. மணம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. பத்தாவது ஆண்டு நிறைவுக்கு ஹெர்மன் மோதிரம் கொண்டுவருகிறார், ஒரு சங்கிலியில் கோத்து. விரலில் போட்டால் ஊர் பார்க்கும். கழுத்தில் ஆடைக்குள் மறைத்துக்கொள்ளலாம். பிறகு இன்ஃபுளுயன்ஸா வருகிறது. ஜூலியாவின் வீட்டில் அவர் காய்ச்சலில் கிடக்கும்போது, மருத்துவரை அழைத்தால் விஷயம் வெளியே தெரியும் என்பதால் இருட்டும்வரை அவரை நகர்த்தாமல் வைத்திருக்கிறார்கள்.

1966இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரூபி டீ நடிக்க முதலில் மேடையேறியது. நியூயார்க்குக்கு 1972இல்தான் வந்தது. நாடகத் தயாரிப்பாளர் ஜோசப் பாப்பும் சில்ட்ரெஸும் இயக்கினார்கள். 1974இல் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது சில நிலையங்கள் மறுத்துவிட்டன. இனக்கலப்பு மணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இலேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் தென் கரோலினாவின் அரசியல் சட்டத்தில் அந்தத் தடை வரி 1998 வரை அழிக்கப்படாமல் இருந்தது. அதாவது ஆலிஸ் சில்ட்ரெஸ் இறக்கும்போதும் அவர் பிறந்த மாநிலத்தின் ஏட்டில் அது இருந்தது.

அவர் நூல் உச்ச நீதிமன்றம் வரை போனது உண்மையா?

உண்மை. 1973இல் வந்த 'எ ஹீரோ எய்ன்ட் நத்திங் பட் எ சாண்ட்விச்' என்ற இளையோர் நாவல். ஹெராயினில் சிக்கிய 13 வயது பென்ஜியின் கதையை, பென்ஜி, தாய், பாட்டி, ஆசிரியர்கள், போதை விற்பவன் என்று ஆளுக்கொரு அத்தியாயமாகச் சொல்கிறார்கள். நடிகை எழுதிய நாவல் என்பது இங்கே தெரியும். ஒவ்வொரு குரலையும் அவர் உள்ளே புகுந்து பேசுகிறார், போதை விற்பவனுடையதைக்கூட.

நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து அகற்றிய நூல்களில் இதுவும் ஒன்று. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கருத்துப் பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி வாரியம் நூலகத்திலிருந்து நூல்களை எடுக்க முடியாது என்ற நிலைப்பாட்டோடு 1982இல் உச்ச நீதிமன்றத்தில் மாணவர் பக்கம் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் ஐந்துக்கு நான்காகப் பிரிந்திருந்தார்கள். இதற்கிடையே நாவல் திரைப்படமாகவும் வந்துவிட்டது. சிசிலி டைசன் நடித்தார், திரைக்கதை சில்ட்ரெஸ் எழுதியதே.

பின்னாளில் நடிப்பை விட்டுவிட்டாரா?

எழுத்து முந்திக்கொண்டது. 1968இல் 'அப்டைட்' திரைப்படத்தில் நடித்தார், அதன் பிறகு அதிகம் இல்லை. ஆனால் நடிகையின் காது கடைசிவரை போகவில்லை. அவர் எழுதிய வசனத்தை வாய்விட்டு வாசித்தால் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தானே தெரியும்.

எதிலிருந்து தொடங்குவது?

'ஃபுளோரன்ஸ்'. ஒரே உட்காரலில் வாசித்துவிடலாம். துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது: ஒருவர் தாயின் வசனத்தையும் மற்றவர் மிஸஸ் கார்ட்டரின் வசனத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு நாற்காலியைத் தடுப்பாக வையுங்கள். முடித்த பிறகு இடம் மாறி மறுபடி வாசியுங்கள். மிஸஸ் கார்ட்டர் உதவ ஒப்புக்கொள்ளும் இடம் வரும்போது அவசரப்படாதீர்கள். அவள் நல்ல மனதோடுதான் சொல்கிறாள், அப்படியே சொல்லுங்கள்.